கட்டிலும் கஞ்சியும்: பலவீனமான இதயத்தின் கதை

பெசன்ட் நகர்ல இருந்து பேசுறேன். காலைல எலியட்ஸ் பீச்சுக்குப் போனா, இதயம் நல்லா இருக்கணும்னு நடக்கிறவங்க நிறைய பேரைப் பார்க்கலாம். ஆனா இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில இருந்து வீடு திரும்பினவங்களுக்கு நாம சொல்றது நேர் எதிர்: "அசையாம படுங்க, கஞ்சி மட்டும் குடிங்க." இந்தப் பழக்கத்துக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

முதல்ல கட்டில். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்க வைப்பதுதான் உலகம் முழுக்க வைத்தியம். பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவைன் இதைச் சந்தேகப்பட்டார். படுத்தா காலில் இருக்கிற ரத்தம் இதயத்துக்கே திரும்பி வரும், நுரையீரலில் நீர் கோக்கும். உட்கார்ந்தா அந்தச் சுமை குறையும் என்பது அவர் வாதம். அவரும் பெர்னார்ட் லோனும் 81 மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் உட்கார வெச்சு, 1952-ல் அதைப் பற்றி எழுதினாங்க. அதுக்கு அப்புறம் 2009-ல், இதயச் செயலிழப்பு உள்ள 2,331 பேரிடம் நடந்த ஹெச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வு, முறையான உடற்பயிற்சி அவங்களுக்கும் பாதுகாப்பானதுன்னு காட்டுச்சு.

அடுத்து கஞ்சி. நாஜி ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன வால்டர் கெம்ப்னர், டியூக் பல்கலைக்கழகத்தில் 1939-ல் நோயாளிகளுக்குச் சோறும் பழமும் கொடுத்தார். ஆமா, நம்ம சோறுதான்! பலருக்கு ரத்த அழுத்தம் இறங்குச்சு, எக்ஸ்ரேயில் வீங்கின இதயம் சுருங்கித் தெரிஞ்சுது. அந்தச் சாப்பாட்டில் உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனா ஒரு நாளைக்குப் புரதமும் சுமார் 20 கிராம்தான்.

நம்ம வீட்டுக் கஞ்சி இதைத் தலைகீழாக்குது. புரதம் குறைவு, தொட்டுக்க ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம்னு உப்பு மட்டும் அதிகம். இந்துப்புக்கு மாறினாலும் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இதயச் செயலிழப்பில் ஏற்கெனவே தசை கரையும். படுக்கையும் வெறும் கஞ்சியும் அதை இன்னும் வேகமாக்கும்.

2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,205 நோயாளிகளைப் பதிவு செஞ்சாங்க. சராசரி வயது 61. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் 70 தாண்டினவங்களோட நோய். அதாவது இங்க கட்டிலில் முடங்குறது நம்ம தாத்தா மட்டும் இல்லை, நம்ம அப்பாவும்தான்.

அதனால அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, மாத்திரையோட சேர்த்து இன்னும் மூணு கேள்வி கேளுங்க: எவ்வளவு நடக்கலாம்? எவ்வளவு புரதம்? எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணி? பதில் ஆளுக்கு ஆள் மாறும். கேட்டாதான் தெரியும்.