குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து தெரியும் ஊர்

கொடைக்கானல் போறவங்க குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாம வரமாட்டாங்க. இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி ஆன ஆஸ்திரேலியப் பெண்மணி 1936-ல் கட்டிய கோயில். மேகம் விலகினால் வடக்கே, கீழே, பழனி மலை தெரியும். எல்லாரும் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுவாங்க. எனக்கு மட்டும் அந்த ஊரைப் பார்த்தா ஒரு மிருதங்கம்தான் ஞாபகம் வரும்.

பழனியில் தாளத்துக்குப் பஞ்சமில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் பம்பை, உறுமி, தவில், காவடிச் சிந்து என்று ஊரே அதிரும். திருப்புகழின் சந்தங்களை வாயால் சொல்லிப் பாருங்க, அதுவே பாதி மிருதங்கப் பாடம். இங்கே தவில்காரராக இருந்தவர் பழனி முத்தையா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் சேர்ந்து மிருதங்கத்துக்கு மாறினார். அவர் மகன் சுப்பிரமணிய பிள்ளை, 1908-ல் பிறந்தவர். பையனுக்கு இடது கைப் பழக்கம்.

இது ஏன் பிரச்சனை? மிருதங்கத்தில் கருஞ்சாந்து பூசிய பக்கத்துக்குப் பெயரே வலந்தலை. வலது கைக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால் அந்த வலந்தலை சபையைப் பார்க்கும். இடது கைக்காரர் அப்படியே உட்கார்ந்தால் சபைக்குத் தொப்பிதான் தெரியும். ஆகவே அவர் பாடகரின் இடப்பக்கம் போகணும். ஆனால் அது வயலின்காரரின் இடம்! அவர் எதிர்ப்பக்கம் மாறினால் வயலின் சபைக்கு மறைந்து, வில் பிடிக்கும் கைதான் முன்னால் நிற்கும். மாறி உட்கார வயலின் வித்வான்கள் பலர் மறுத்தார்கள். முழுக்கத் திமிர் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன், அவங்க சிரமமும் நிஜம்தான். ஆனால் வாய்ப்பு போனது என்னவோ இவருக்கு. அப்பாவுக்கே ஆரம்பத்தில் இந்தக் கை மீது நம்பிக்கை இல்லை என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

துணிந்து பக்கத்தில் உட்கார வைத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாடகரே வேண்டும் என்று சொல்லிட்டா மற்றவர்கள் என்ன செய்வார்கள்? புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வழிகாட்டலும் இருந்தது. பிறகு பாலக்காடு மணி ஐயருக்குச் சமமாகப் பெயர் சொல்லப்படும் இடத்துக்கு வந்தார். கணக்கில் கெட்டி, ஆனால் அவரைத் தேடிக் கேட்பவர்கள் கேட்பது தொப்பியை. தோலை அழுத்தி இழுக்கும்போது எழும் அந்தக் கும்கி, பக்கத்தில் நின்று யாரோ ஹ்ம் கொட்டுவது போல இருக்கும். அதை வாசித்தது அவருடைய வலது கை.

1962-ல், 54 வயதில் காலமானார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி கிடைத்தது 1966-ல், மணி ஐயருக்கு. நாலே வருஷம்.

அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா போய், டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாணியைக் கற்பித்தார். பழனி அடிவாரத்துத் தவில்காரர் வீட்டிலிருந்து அங்கே வரைக்கும்!

ஜி.என்.பி., ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரிகளில் அவர் வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டு, தனி ஆவர்த்தனத்துக்கு முன்னாலேயே கவனிங்க, பாட்டுக்கு நடுவே தொப்பி என்ன செய்யுதுன்னு.