டிரெஸர் காலம் முதல் 999 வரை

வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் 999-ஐ அழைக்கிறோம். ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம். அந்த நிமிடங்களுக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களைக் கொண்டு அதனைக் காண்போம்.

கோலாகங்சாரில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் பால்வெட்ட வந்தனர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை வாட்டின. பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில், 1911-இல், தோட்டத்து இந்தியத் தொழிலாளர் ஆயிரம் பேரில் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை முதலாளிகள் மீது சுமத்தியது.

அதன்படி தோட்டத்தில் இருந்தவர் யார்? மருத்துவர் அல்லர், அவர் எப்போதாவது வந்து போவார். அன்றாடம் காயத்திற்குக் கட்டுப்போட்டவரும் கொய்னா கொடுத்தவரும் டிரெஸர்தாம். நோய் முற்றினால் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குத் தோட்டத்து லோரியும் துரையின் அனுமதியும் தேவைப்பட்டன.

1956-இல் அரசாங்கம் கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், அதன் கீழ்த் துணை நிலையங்கள், மருத்துவிச்சி நிலையங்கள் என்பது ஏற்பாடு. தோட்டங்களோ தனியார் நிலம். ஆகவே அங்குள்ள சுகாதாரம் முதலாளிகளின் பொறுப்பிலேயே விடப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும், பல இடங்களில் தோட்ட மருந்தகம் மூடப்பட்டது. லயத்தில் தங்கிவிட்டவர்களுக்கு அருகிலிருந்த அந்த ஓர் உதவியும் போயிற்று.

டிரெஸர் என்ற பெயர் மறைந்தாலும் அவர் தொழில் மறையவில்லை. அவர் வழிவந்தவரே ஆஸ்பத்திரி உதவியாளர். அவரே மருத்துவ உதவியாளர். இவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1977-இல் வந்தது. இன்று உதவி மருத்துவ அதிகாரி என்று அழைக்கப்படும் இவர்களே அரசாங்க ஆம்புலன்சில் முன்நிற்கின்றனர். 1998-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அவசர மருத்துவத்தில் உயர்பட்டப் பயிற்சியைத் தொடங்கியது. 2007-இல் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகிய சேவைகளுக்கான அழைப்புகள் 999 என்ற ஒரே எண்ணின் கீழ் ஒருங்கிணைக்கப்பட்டன. செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற தொண்டு அமைப்புகளும் துணை நிற்கின்றன.

இவ்வளவு இருந்தும் தூரம் தூரந்தான். ஈப்போ நகரில் இருப்பவருக்கும், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே பழைய தோட்டத்துச் செம்மண் சாலையின் முடிவில் இருப்பவருக்கும் நிமிடக் கணக்கு ஒன்றாகுமா? இதயம் நின்றுவிட்டால் மூளை சில நிமிடங்களே தாங்கும். வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் போதாது. பயிற்சி பெற்றவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்து டிரெஸரிடம் மருந்து குறைவு, கருவி குறைவு. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருந்தார். அந்த அண்மையை இன்றைய பயிற்சியோடு சேர்ப்பதே நம்முன் உள்ள வேலை.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டுக்கு ஒருவர் முதலுதவி கற்கலாம். அழைக்கும்போது தோட்டத்தின் பழைய பெயரோடு இன்றைய சாலைப் பெயரையும் சொல்லலாம். முச்சந்தியில் ஒருவரை நிறுத்தி வண்டிக்கு வழி காட்டலாம்.