நியூ ஜெர்சியின் ஆம்பர் எறும்பு

1966-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கிளிஃப்வுட் கடற்கரைச் சரிவில் பாறைகள் சேகரித்த ஃப்ரே தம்பதிக்கு ஒரு துண்டு ஆம்பர் கிடைத்தது. இறுகிக் கல்லான அந்த மரப்பிசினுக்குள் இரண்டு வேலைக்கார எறும்புகள் இருந்தன. வயது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் வாழ்ந்த காலம். அதுவரை அறியப்பட்டிருந்த எறும்புப் புதைபடிவங்கள் அதைவிட மிக இளையவை; பால்டிக் ஆம்பரில் கிடைத்தவை பெரும்பாலும் இன்றைய எறும்புகளைப் போலவே இருந்தன.

துண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சனின் கை தவறித் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. நல்லவேளை, பாதிக்கு ஒன்றாக இரண்டு எறும்புகளும் சேதமின்றித் தப்பின. வில்சன், ஃபிராங்க் கார்ப்பென்டர், வில்லியம் பிரவுன் மூவரும் 1967-இல் அந்த எறும்பு இனத்துக்கு ஸ்ஃபெகோமிர்மா ஃப்ரேயி என்று பெயரிட்டனர்.

உடலமைப்பு பாதி குளவி, பாதி எறும்பு. இரண்டே பற்கள் கொண்ட குட்டைத் தாடை குளவியுடையது. ஒடுங்கிய இடையும், மார்பின் பின்புறம் கிருமிகளைத் தடுக்கும் திரவம் சுரக்கும் சுரப்பியும் எறும்புக்கே உரியவை. குளவிகளின் வழியில் எறும்புகள் தோன்றின என்ற கருத்துக்கு இதைவிட நேரடியான சான்று அன்று இல்லை. பின்னர் மியன்மார் ஆம்பரில் சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையான எறும்புகள் கிடைத்தன.