விரலின் விலை: வேலையில் அடிபட்டவனுக்கு நட்டஈடு வந்த வரலாறு



எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் ஊரில் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தார். பதினான்கு மாதங்களுக்கு முன் இயந்திரப் பட்டியில் கை அகப்பட்டு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. முதலாளி கெட்டவர் அல்ல. தன் வாகனத்திலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருந்துச் செலவு பார்த்தார். கையில் ஒரு தொகையும் கொடுத்தார். “இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு தாளில் கையொப்பமும் வாங்கிக்கொண்டார். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஒரு வசூல் நடந்தது. நாமும் கொடுத்தோம். “நஸீபு” என்று சொல்லிவிட்டுக் கலைந்தோம்.

போன வாரம் அவர் வீட்டுக்கு வந்தார். பணம் கேட்டு வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்தார்: “சேர், முதலாளி தந்தது ஸதகாவா, எனக்குச் சேர வேண்டிய ஹக்கா?”

இந்தக் கேள்விக்கு உலகம் பதில் சொல்ல நீண்ட காலம் எடுத்தது. அந்த வரலாற்றை நாம் அறிந்திருந்தால் அன்றைக்கு வசூல் பெட்டியோடு மட்டும் நின்றிருக்க மாட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் எமது பாரம்பரியத்திலிருந்தே தொடங்குவோம். உடலுக்கு ஏற்படும் சேதத்துக்கு விலை குறிப்பது மேற்கத்தேயக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிக்ஹ் நூல்களில் ‘தியத்’ என்ற பாடமே இருக்கிறது. தவறுதலாக ஓர் உயிர் போனால் முழுத் தியத் நூறு ஒட்டகங்கள். ஒரு கைக்கு அதில் பாதி. ஒரு விரலுக்குப் பத்து ஒட்டகங்கள், ஒரு பல்லுக்கு ஐந்து. பெருவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் ஒரே அளவுதான். உமர் (ரழி) அவர்கள் ஆரம்பத்தில் விரலுக்கு விரல் வேறுபடுத்தித் தீர்ப்பளித்ததாகவும், நபி (ஸல்) அவர்கள் அம்ர் இப்னு ஹஸ்ம் (ரழி) அவர்களுக்கு எழுதிக் கொடுத்த மடலில் எல்லா விரல்களும் சமம் என்றிருப்பதை அறிந்ததும் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டதாகவும் அறிவிப்புகள் சொல்கின்றன.

தியத் தொழில் விபத்துக்கென்றே வந்த சட்டம் அல்ல. ஒருவர் செயலால் இன்னொருவருக்கு ஏற்பட்ட காயத்துக்கு உரியது. ஆனால் அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, உறுப்பை இழந்தவர் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்பவர் அல்ல, உரிமையுள்ளவர். இரண்டு, தவறுதலாக நேர்ந்ததன் சுமையை ஒருவர் தலையில் மட்டும் போடாமல் ‘ஆகிலா’ என்ற உறவுக்கூட்டம் பகிர்ந்துகொண்டது. உமர் (ரழி) காலத்தில் அந்தப் பொறுப்பு, ஒரே பதிவேட்டில் பெயருள்ள படைவீரர்கள் மீதும் வந்தது. ஆபத்தைப் பலர் பகிர்ந்து சுமக்கும் யோசனை எமக்குப் புதிதல்ல.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். 1835 இல் ஓர் இறைச்சிக் கடையில் சார்ள்ஸ் பிரீஸ்ட்லி என்ற இளைஞர் வேலை செய்தார். அளவுக்கு மேல் சரக்கேற்றிய வண்டியில் போகும்போது வண்டி உடைந்து அவரது தொடை எலும்பு முறிந்தது. முதலாளி ஃபௌலர் மீது வழக்குப் போட்டார். ஜூரிமார் 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். 1837 இல் மேல் நீதிமன்றத்தில் அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். இதை அனுமதித்தால் வீட்டு வேலையாள் முதல் வண்டிக்காரன் வரை எல்லோரும் எஜமானர் மீது வழக்குப் போடத் தொடங்குவார்கள் என்பது அவரது அச்சம். வேலையில் ஆபத்து இருப்பது வேலையாளுக்குத் தெரியும், விரும்பாவிட்டால் மறுத்திருக்கலாம் என்பதும் அவரது நியாயம்.

இதிலிருந்து வளர்ந்த கோட்பாடு, கூட வேலை செய்யும் ஒருவரின் பிழையால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்றது. பெரிய ஆலைகளில் எல்லாப் பிழையும் யாரோ ஒரு சக வேலையாளின் பிழைதானே! அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரித்தானிய ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கையிழந்தவர் பலர் வெறுங்கையோடு வீடு போனார்கள்.

அதே நூற்றாண்டில் ஒஸ்மானியப் பேரரசில் வேறொரு முயற்சி நடந்தது. கருங்கடல் கரையின் எரெய்லி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 1867 இல் திலாவர் பாஷா பெயரில் விதிகள் வந்தன. 1869 இன் சுரங்க விதிகள், விபத்தில் காயப்பட்டவருக்கும் மௌத்தானவரின் குடும்பத்துக்கும் சுரங்கம் நடத்துபவர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றன. மருத்துவரும் மருந்தும் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லின. பெருமைப்பட மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த விதிகள் பெரும்பாலும் தாளோடு நின்றன என்பதும் வரலாறுதான். எழுதப்பட்ட உரிமையைக் கேட்டுப் பெற ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பெரிய மாற்றம் ஜேர்மனியில் வந்தது. பிஸ்மார்க் காலத்து 1884 ஆம் ஆண்டு விபத்துக் காப்புறுதிச் சட்டம், யார் பிழை என்ற விசாரணையையே ஒதுக்கி வைத்தது. முதலாளிமார் தொழில்வாரியாகச் சங்கம் சேர்ந்து பணம் கட்டினார்கள். அடிபட்டவருக்கு அந்தப் பொது நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. இங்கிலாந்து 1897 இல் ஜோசப் சேம்பர்லினின் முயற்சியால் பின்தொடர்ந்தது. அந்தச் சட்டம் ரயில், ஆலை, சுரங்கம் போன்ற ஆபத்தான தொழில்களோடு நின்றது. 1906 இன் சட்டம்தான் கடைச் சிப்பந்திகளையும் வீட்டு வேலையாட்களையும் உள்ளே எடுத்தது. பிரீஸ்ட்லியைப் போன்ற கடைப் பையனுக்குக் கதவு திறக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

இந்தச் சட்டங்களின் அடிப்படை எளிமையானது. இயந்திரம் தேய்ந்தால் அது தொழிலின் செலவு. அப்படியானால் அந்த இயந்திரத்தின் முன் நின்ற மனிதனின் கை போவதும் தொழிலின் செலவே. இலாபம் யாருக்கோ அந்தச் செலவும் அவருக்கே.

இந்தியாவில் 1923 இல் இதே மாதிரியில் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பெருவிரலுக்கு 25 சதவீதம், சுட்டு விரலுக்கு 10, மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் 5 என்று எழுதப்பட்டிருந்தது. வலது கைக்கு இடது கையை விடக் கூடுதல். தியத் எல்லா விரலையும் சமமாக வைத்தது, ஏனென்றால் அது மனித உடலின் கண்ணியத்தைப் பார்த்தது. இந்த அட்டவணை உழைக்கும் திறனில் எவ்வளவு போனது என்று பார்த்தது. இரண்டு அளவுகோல்களும் வேறு. ஆனால் விரலுக்குக் கணக்கு உண்டு என்பதில் இரண்டும் ஒன்று.

எமது நாட்டில்? ரோம-டச்சுச் சட்டப்படி வழக்குப் போட்டு முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியிருந்தது. கூலி ஆள் சட்டத்தரணிக்கு எங்கே போவார்? 1906 இல் கொழும்பு வண்டிக்காரர்கள், 1912 இல் ரயில்வே ஊழியர்கள், 1923 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் பொது வேலைநிறுத்தம் என்று தொழிலாளர் குரல் உயர்ந்தது. 1931 இல் டொனமூர் யாப்பின்படி சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்கு வந்ததும் தொழிலாளிக்கு விலை வந்தது. அரசாங்க சபையின் முதல் தொழில் அமைச்சராக இருந்தவர் ஹட்டன் தொகுதியின் பெரி சுந்தரம். அவர் காலத்தில்தான் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறி, 1935 இல் நடைமுறைக்கு வந்தது.

தொண்ணூறு ஆண்டுகளாக அந்தச் சட்டம் இருக்கிறது. பலமுறை திருத்தப்பட்டு விரிந்திருக்கிறது. 2005 இல் உச்சத் தொகை 550,000 ரூபா. 2022 இன் திருத்தம் அதை 2,000,000 ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும் சேர்த்தது. ஆனால் எமது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நெல் ஆலை, மர ஆலை, கராஜ், பேக்கரி, ஹாட்வெயார் கடை, கட்டட வேலை என்று எமது பிள்ளைகள் நிற்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள்.

ஊரில் நாம் அடிக்கடி கேட்கும் நான்கு பேச்சுகளுக்கு இந்த வரலாறு பதில் சொல்கிறது.

“நியமனக் கடிதம் இல்லையே, ஈ.பி.எஃப். இல்லையே.” அவை இல்லாவிட்டாலும் நட்டஈட்டு உரிமை போகாது. வாய்ப்பேச்சில் சேர்த்த வேலையும் சட்டத்தின் முன் ஒப்பந்தமே.

“அவன் கவனயீனமாக நின்றான்.” சாதாரணக் கவனயீனம் நட்டஈட்டைத் தடுக்காது. போதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மறைப்பை வேண்டுமென்றே கழற்றியது போன்றவைதான் தடை. பிழை தேடுவதை விட்டதுதான் இந்தச் சட்டத்தின் பிறப்பே.

“கையொப்பம் வைத்துவிட்டானே.” இந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் தாள் செல்லாது. மொத்தத் தொகைக்கு இணங்குவதாக இருந்தால் அந்த உடன்படிக்கை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதியப்பட வேண்டும். வேலையாள் மௌத்தாகிவிட்டால் பணத்தை ஆணையாளரிடமே வைப்பிட வேண்டும். ஜனாஸா வீட்டில் அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது.

“அது பழைய கதை.” விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். அந்த மாணவருக்கு இன்னும் பத்து மாதங்கள் இருக்கின்றன.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பெரும்பாலானவர்கள் பெரும் பணக்காரர் அல்ல. ஒரு விபத்து உங்கள் கடையையே மூடிவிடலாம். அதற்காகத்தான் ஆகிலாவும் ஜேர்மனியின் பொது நிதியும் காப்புறுதியும் வந்தன. தகாஃபுல் முறையிலும் வேலையாட்களுக்கான காப்புறுதி எடுக்க முடியும். இயந்திரப் பட்டிக்கு ஒரு மறைப்புப் போடுவது அதைவிட மலிவு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. சிந்திய இரத்தத்துக்கு வருடக்கணக்கில் காக்க வைக்கலாமா?

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை. வசூல் நிற்க வேண்டாம், அது அன்றைய அடுப்புக்கு வேண்டும். ஆனால் வசூலோடு சேர்த்து, மருத்துவ அறிக்கையை எடுத்து வைக்கவும், விபத்தை எழுத்தில் முதலாளிக்கு அறிவிக்கவும், தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு வழிகாட்டவும், மனுவை நிரப்பவும் இரண்டு பேர் இருக்கட்டும். நாம் அதற்குத் தயார்.

அந்த மாணவருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: பள்ளிவாசலில் சேர்த்தது ஸதகா. முதலாளி முதல் நாள் ஓடி வந்து செய்தது நன்மை, அல்லாஹ் அவருக்குக் கூலி தருவான். மீதி உமது ஹக்கு. வரும் திங்கட்கிழமை மனுவைச் சேர்ந்தே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். முதலாளியிடமும் முதலில் நாமே போய்ப் பேசுவோம். சண்டைக்காக அல்ல, கணக்குக்காக.

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.