படகெழுத்தும் அதன் நீக்கமும்

படகெழுத்து என்பது மீன்பிடிப் படகின் அணியத்திலும் பக்கங்களிலும் இடப்படும் பெயர், பதிவெண் ஆகியவற்றைக் குறிக்கும். தமிழகக் கடற்கரையில் இதற்கு நெடிய வரலாறு இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி நிலங்களின் வழியே வரும் குண்டாறு, மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை இவ்வறண்ட நிலமும் அக்கடற்கரையும் ஒரே இராமநாதபுரம் மாவட்டமாக இருந்தன. திருச்சுழிக் கோயிலில் பாண்டியர் கல்வெட்டுகள் உள்ளன. கீழே கடலோரத்திலோ, எழுத இடமில்லாத மரக்கலமே நெடுங்காலம் புழங்கியது. கட்டுமரம் கரையேறியதும் கயிறு அவிழ்க்கப்பட்டு, மரங்கள் தனித்தனியே உலர்த்தப்படும். ஊரார் அதை அடையாளம் காண எழுத்து தேவைப்படவில்லை.

1950-களுக்குப் பின் விசைப்படகுகள் பரவின. புனிதர், குலதெய்வம், பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் எனாமல் வண்ணத்தில் பலகையேறின. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983 பதிவையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நன்கொடையாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்தன. பலவற்றில் கொடுத்தவரின் பெயரும் சின்னமும் இருந்தன. கடலுக்குப் போகிறவர் ஒருவர், படகில் இருப்பது வேறொருவர் பெயர். உதவி தேவையானதுதான், ஆயினும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே தொழில் செய்ய வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தனர். அதன்பின் நாடு முழுவதும் ஒரே வகைப் பதிவெண்ணும் மாநிலத்துக்கு ஒரு வண்ணமும் வந்தன. பதிவெண்ணில் நாடு, மாநிலம், மாவட்டம், படகின் வகை, வரிசை எண் என்ற ஒழுங்கு உண்டு. இராமநாதபுரத்துக்கு 10, விசைப்படகுக்கு எம்.எம்.; மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு எம்.ஓ. பழைய எண்கள் அழிக்கப்பட வேண்டியதாயிற்று.

மரப்படகில் எழுதியதைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, மேலே வண்ணம் பூசினால் போதும். கண்ணாடியிழையில் ஒட்டிய வினைல் ஸ்டிக்கர் அப்படி வராது. வெயிலில் பல ஆண்டு காய்ந்த வினைல் நொறுங்கித் துண்டு துண்டாகப் பெயரும். வெந்நீராலோ சூட்டுக் காற்றாலோ பசையை இளக்கி, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். இரும்புத் தகடு மேற்பூச்சைக் கீறிவிடும் என்பதால் பிளாஸ்டிக் தகடே ஏற்றது. எஞ்சும் பசையை மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைக்கலாம். பிறகு சோப்புநீரில் கழுவாவிட்டால் புதிய எழுத்து ஒட்டாது.

இத்தனைக்குப் பிறகும் பழைய பெயர் தெரியும். சுற்றியுள்ள பூச்சு வெயிலில் வெளிற, எழுத்தின் அடியிலிருந்த பகுதி மட்டும் நிறம் மங்காமல் இருப்பதே காரணம். மெருகுப்பசையால் தேய்த்தால் வேறுபாடு குறையும். ஆழமாக வெளிறியிருந்தால் வண்ணம் பூசுவதே வழி.

இது அழகுக்கான வேலை மட்டுமன்று. விற்பனைவரி விலக்குள்ள டீசல், தடைக்கால நிவாரணம் ஆகியன பதிவைச் சார்ந்தவை. இலங்கைக் கடற்படை பிடித்த படகை மீட்க, உரிமையாளர் அந்நாட்டு நீதிமன்றத்தில் தம் உரிமையை நிறுவ வேண்டும். படகில் இரண்டு எண்கள் தெரிந்தால் அங்கே சிக்கல்தான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பழுதுபார்க்கப்படுகின்றன. மீன்வளத்துறையின் ஆய்வும் அப்போதே நடக்கிறது. பழைய எழுத்து பெரும்பாலும் நீக்கப்படுவது அந்தக் கோடையில்தான்.