ஓய்வும் ஊதியமும்: அரசாங்க ஊழியரின் பிறதொழில் பற்றிய வரலாற்று நோக்கு

அரசாங்க ஊழியர் லீவுக் காலத்தில் வேறு தொழில் செய்து பொருளீட்டலாமா என்ற வினா, பெரும்பாலும் ஒழுக்காற்றுப் பிரச்சினையாகவே நோக்கப்படுகிறது. ஊழியரின் முழு நேரமும் அரசாங்கத்துக்குரியது என்பது நிருவாக மரபு. இம்மரபுக்கு ஒரு பொருளாதார வரலாறு உண்டு.

1833ஆம் ஆண்டையொட்டிய கோல்புறூக் சீர்திருத்தங்கள், சிக்கனத்தை முன்னிட்டுச் சிவில் சேவையாளரின் சம்பளத்தைக் குறைத்து ஓய்வூதியத்தையும் ஒழித்தன. இழப்பை ஈடுசெய்ய அவர்கள் கோப்பிச் செய்கையில் இறங்கினர். அரசாங்கமும் அதற்கு இடங்கொடுத்தது. முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குப் போன காலம் அது. காணியை விற்கும் நிருவாகத்தினரே அதனை வாங்குவோருமாயினர். தேசாதிபதி ஸ்ருவேட் மக்கென்சியும் குடியேற்றச் செயலாளர் அன்ஸ்ருதரும் இதற்கு விலக்கல்லர். நிருவாகம் சீர்குலையவே, 1840களின் நடுப்பகுதியில் குடியேற்ற நாட்டமைச்சர் ஸ்ரான்லிப் பிரபு, சிவில் சேவையாளர் தோட்டத் தொழிலிலும் வாணிகத்திலும் ஈடுபடுவதைத் தடுத்தார். அத்துடன் சம்பளம் திருத்தப்பட்டது, ஓய்வூதியமும் மீண்டது. தடையும் போதிய ஊதியமும் ஒன்றாகவே வந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆயின், அதே தடை எழுதுவினைஞர் மீது விழுந்தபோது அதன் வர்க்கப் பொருள் மாறிற்று. வெள்ளைத்துரைக்குப் பிறதொழில் மூலதனம். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் வாழ்ந்த எழுதுவினைஞருக்கோ அது இரண்டாவது உழைப்பு. இந்நெருக்கடிக்குத் தனிமனித வழி பகுதிநேர வேலையாயின், கூட்டு வழி தொழிற்சங்கமாகும். 1947 யூன் 5ஆம் திகதி, பொது வேலைநிறுத்தத்தின்போது, அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி தெமட்டகொடையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அக்கூட்டு வழிக்குக் கொடுக்கப்பட்ட விலை அது.

2022இல் வரலாறு மறுதலையாகத் திரும்பிற்று. கொழும்பில் அவ்வாண்டு யூன் மாதப் பணவீக்கம் 54.6 வீதம். அம்மாதமே அரசாங்கம், அத்தியாவசிய சேவையல்லாதோருக்கு வெள்ளிக்கிழமைகளை வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென மூன்று மாதங்களுக்கு விடுமுறையாக்கியது. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ பிறதொழில் பார்ப்பதற்கு ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவும் வழங்க முன்வந்தது. சேவை மூப்பும் ஓய்வூதிய உரிமையும் பாதிக்கப்படா எனவும் உறுதியளித்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில், வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பில் தோட்டஞ் செய்ய நிலமேது என்ற வினா ஒருபுறமிருக்க, நேற்றுவரை குற்றமாயிருந்தது தேசக் கடமையாயிற்று. 1833இற் போலவே, ஊதியத்தைக் கொடுக்கவியலாத அரசு தன் ஊழியரைப் பிறதொழிலுக்குத் தள்ளியது.

சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1970ஆம் ஆண்டு 132ஆம் இலக்கச் சமவாயம், லீவின் நோக்கத்துக்கு முரணாக அக்காலத்தில் ஊதியத் தொழில் செய்வோர் தொடர்பில் விசேட விதிகள் வகுக்க நாடுகளுக்கு இடமளிக்கிறது. அந்நோக்கம் ஓய்வு, மார்க்சின் சொல்லாட்சியிற் கூறுவதாயின், உழைப்புச் சக்தியின் மீளுற்பத்தி. ஓய்வைக் காக்கும் விதி முற்போக்கானதே. ஆனால் சம்பளம் மாத முடிவுவரை போதாதவிடத்து, அவ்விதி ஓய்வைக் காப்பதில்லை, வறுமையையே தண்டிக்கிறது. எனவே, பிறதொழிலுக்கான அனுமதியன்று, பிறதொழில் தேவைப்படாத ஊதியமே தொழிற்சங்கங்களின் அடிப்படைக் கோரிக்கையாதல் வேண்டும்.