வாலஸுக்கு விழுந்த ஓட்டு

அமெரிக்காவின் அலபாமா மாநில ஆளுநராக இருந்த ஜார்ஜ் வாலஸைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அவன் ஒரு நிறவெறியன்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். வெறியன்தான், சந்தேகமில்லை. ஆனால் 1968 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவனுக்கு ஏறத்தாழ 99 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்களே, அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வெறி பிடித்துவிட்டதா? இதைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

1958இல் ஆளுநர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் வாலஸுக்குக் கறுப்பர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஆதரவு இருந்தது. கு க்ளக்ஸ் கிளான் ஆதரித்த ஜான் பேட்டர்சனிடம் தோற்றான். வெறுப்பைப் பேசுவதில் இனி யாரும் தன்னை முந்தக் கூடாது என்பதுதான் அந்தத் தோல்வியில் அவன் படித்த பாடம். 1963 ஜனவரியில் பதவியேற்றபோது, நிறப்பிரிவினை என்றென்றும் நீடிக்கும் என்று முழங்கினான். அதே ஆண்டு ஜூன் 11 அன்று, இரண்டு கறுப்பு மாணவர்கள் சேருவதைத் தடுக்க அலபாமா பல்கலைக்கழக வாசலில் போய் நின்றான்.

நாடு முழுக்க ஓட்டுக் கேட்கக் கிளம்பியபோது அவன் பாஷை மாறியது. ‘மாநில உரிமை’ என்றான், ‘சட்டம் ஒழுங்கு’ என்றான், உன் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கணும் என்று முடிவு செய்ய வாஷிங்டன்காரன் யார் என்று கேட்டான். கறுப்பர் என்ற சொல்லே தேவைப்படவில்லை. சட்டம் ஒழுங்கு என்றால் யார் முதுகில் அடி விழும் என்பது நமக்குத் தெரியாதா என்ன? அங்கே கைதட்டியவங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

கைதட்டியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள், சிறு விவசாயிகள். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935இலேயே இதற்கு விளக்கம் தந்துவிட்டார்: வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவு, ஆனால் வெள்ளையன் என்ற மரியாதை அவனுக்கு இன்னொரு கூலியாகக் கிடைக்கிறது. வாலஸ் காப்பாற்றித் தருவதாகச் சொன்னது அந்த இரண்டாவது கூலியைத்தான். 1946இல் இதே டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். படிநிலைச் சமத்துவமின்மையைப் பற்றி எழுதியவருக்கு, கீழே ஒருத்தன் இருக்கிறான் என்ற திருப்தியின் விலை தெரியாததல்ல.

அடுத்தது ஓட்டை எண்ணும் முறை. அங்கே ஒரு மாநிலத்தில் முதலில் வருபவருக்கே பொதுவாக அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். அர்கன்சாவில் வாலஸ் 40 சதவீதம்கூட வாங்கவில்லை, அங்கிருந்த 6 தேர்வாளர்களும் அவனுக்கே. இப்படி ஐந்து தென்மாநிலங்களைப் பிடித்தான். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்காக ரத்தம் சிந்திய கறுப்பு மக்கள் வரிசையில் நின்று போட்ட ஓட்டுக்கு அந்த ஐந்திலும் ஒரு தேர்வாளர்கூட இல்லை. இந்தியாவில் பெரும்பான்மை என்பது அரசியல் பெரும்பான்மை அல்ல, வகுப்புப் பெரும்பான்மை என்று அம்பேத்கர் 1945இல் சொன்னதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வாலஸ் ஜெயிக்க வேண்டியதில்லை. யாருக்கும் 270 தேர்வாளர்கள் கிடைக்காமல் செய்தால் போதும், பேரம் பேசலாம். கடைசியில் நிக்சனுக்கு 301 கிடைத்து அந்தக் கணக்கு பொய்த்தது.

செப்டம்பர் கருத்துக்கணிப்பில் 21 சதவீதம் வரை இருந்த அவன் ஆதரவு, தேர்தலில் 13.5 ஆகக் குறைந்தது. அதில் வடமாநிலத் தொழிற்சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘அலபாமாவில் கூலி என்ன தெரியுமா?’ என்று துண்டறிக்கை அடித்து ஆலை வாசலில் கொடுத்தார்கள். முதல் கூலியைப் பற்றிப் பேசியதும் இரண்டாவது கூலியின் மவுசு கொஞ்சம் இறங்கியது.

ஆனால் ‘சட்டம் ஒழுங்கு’ என்ற அவன் சரக்கை, இன்னும் பதவிசாக, நிக்சனும் விற்றார். வாலஸ் பிற்காலத்தில் கறுப்பு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, 1998இல் செத்தும் போனான். அவன் பழக்கிவிட்ட பாஷை மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு வேட்பாளரைக் கண்டு நாம் முகம் சுளிக்கும்போதெல்லாம், அவன் யாருக்கு எந்தக் கூலியைத் தருவதாகச் சொல்கிறான் என்றும், நம் ஓட்டு எந்த எண்ணிக்கையில் காணாமல் போகிறது என்றும் சேர்த்துக் கேட்போம்.